மார்டினி: ஜின், வெர்மூத், கொஞ்சம் தண்ணீர்

மார்டினி என்ற காக்டெய்லுக்கான செய்முறைக் குறிப்புகளில் பெரும்பாலும் இரண்டே பொருள்தான் இருக்கும்: ஜின், டிரை (இனிப்பு குறைந்த) வெர்மூத். மூன்றாவது ஒன்று உண்டு, அதை எழுத மறந்துவிடுவார்கள். தண்ணீர். ஐஸோடு கலக்கும்போது உருகிச் சேர்கிறதே, அந்தத் தண்ணீர். 70 மி.லி. கலவையை ஐஸில் அரை நிமிடம் கலக்கி வடித்தால், கிளாஸில் 85 முதல் 90 மி.லி. வரை வந்து நிற்கும். கூடுதலாக வந்த அந்த மூன்று நான்கு டீஸ்பூன் தண்ணீரில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வீட்டில் ஒருமுறை கலக்கிப் பார்த்துவிட்டு, “வெறும் சரக்கு மாதிரி எரியுதே” என்று ஒதுக்கிவிட்டவர்களில் பலர் இந்தத் தண்ணீரில் கோட்டை விட்டவர்கள். மற்றவர்கள் பழைய வெர்மூத்தில்.

நான் இரண்டிலும் கோட்டை விட்டிருக்கிறேன். முதன்முதலில் வாங்கிய வெர்மூத் பாட்டிலைத் திறந்து, மூடி, அலமாரியில் மற்ற பாட்டில்களோடு நிறுத்திவைத்தேன். ஏழெட்டு மாதம் கழித்து அதிலிருந்து ஊற்றிக் கலக்கினால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். மார்டினியே இப்படித்தான் போல என்று நினைத்து வெர்மூத்தைக் குறைத்துக்கொண்டே போனேன், கடைசியில் வெறும் குளிர்ந்த ஜின்தான் மிஞ்சியது. வெர்மூத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்று பழைய ஜோக் ஒன்று சொல்வார்கள். அதைச் சொன்னவர் வீட்டு பாட்டிலும் கெட்டுப்போனதாகத்தான் இருந்திருக்கும்.

முதலில் வெர்மூத்

வெர்மூத் என்பது ஒயின். அதில் கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்து வலுவாக்கி, மூலிகைகளையும் வேர்களையும் பட்டைகளையும் ஊறவைத்திருப்பார்கள். நம் மரிக்கொழுந்தின் கசப்பான உறவுக்காரச் செடி ஒன்று ஐரோப்பாவில் உண்டு. ஜெர்மன் மொழியில் அதற்கு வெர்முட் என்று பெயர், பானத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஒயின் என்பதால் திறந்ததும் காற்றுப்பட்டு மெல்லக் கெடும். ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் நன்றாக இருக்கும், இரண்டு மாதம் வரை ஒப்பேற்றலாம். அதற்கப்புறம் சமையலுக்கு. அரை பாட்டில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பாட்டில் மேல் திறந்த தேதியைப் பேனாவால் எழுதிவிடுவது என் வழக்கம்.

டிரை வெர்மூத்திலும் குணபேதம் உண்டு. பிரான்ஸின் தென்கரையில் மார்செயான் என்ற ஊரில் செய்கிற நுவாய்லி பிராட்டில், அடிப்படை ஒயினை ஓக் பீப்பாய்களில் நிரப்பி வெயிலிலும் காற்றிலும் வெளியிலேயே போட்டுவைக்கிறார்கள். அதனால் அதில் லேசான உப்புத்தன்மையும் கொட்டைப் பருப்பின் சாயலும் இருக்கும். ஆல்ப்ஸ் மலையடியில் ஷாம்பெரியிலிருந்து வரும் டோலின் டிரை இன்னும் மென்மையானது, பூவும் புல்லுமாக மணக்கும். ஆலிவ் போடுவதாக இருந்தால் முன்னது, லெமன் தோல் என்றால் பின்னது. இது என் கட்சி, சட்டம் இல்லை.

வாங்கியதும் கலக்க ஆரம்பிக்காமல், ஒரு ஸ்பூன் வெர்மூத்தைத் தனியாகக் குடித்துப் பாருங்கள். தனியாகப் பிடிக்கவில்லை என்றால் மார்டினியிலும் பிடிக்காது.

ஜின், ஐஸ், மற்ற சாமான்கள்

ஜின்னுக்கு லண்டன் டிரை வகையே பாதுகாப்பான தொடக்கம். பீஃப்ஈட்டர், டேங்கரே போன்றவற்றில் ஜூனிப்பர் காயின் பைன் மர வாசனை முன்னால் வந்து நிற்கும். மார்டினிக்கு வேண்டியது அதுதான். வெள்ளரி, ரோஜா, பழச்சாயல் கொண்ட புது ஜின்கள் டானிக் வாட்டரோடு அழகாக இருக்கும், வெர்மூத்தோடு சேர்ந்தால் சில சமயம் சோப்புத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி ஜின் 37.5 சதவீதத்திலிருந்தே தொடங்கலாம், ஆனால் ஐஸ் உருகிச் சேர்ந்ததும் அவ்வளவு லேசான ஜின் துவண்டுவிடும். 43 முதல் 47 வரை உள்ளது தண்ணீரைத் தாங்கும். 57 சதவீத நேவி ஸ்ட்ரெங்த் எல்லாம் கை பழகிய பிறகு.

ஐஸைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, படவேண்டும். மீனும் மசாலாவும் இருக்கும் ஃபிரீசரில் இரண்டு வாரமாகத் திறந்து கிடக்கும் ஐஸ் அந்த வாசனையெல்லாம் குடித்திருக்கும். அன்றைக்கு வைத்த புது ஐஸ், பெரிய கட்டிகள், வெளியே எடுத்து ஓரங்கள் வியர்ப்பதற்குள் பயன்படுத்த வேண்டும். நீரில் மிதக்கும் ஈர ஐஸைப் போட்டால், கலவை குளிர்வதற்கு முன்பே தண்ணீர் ஏறிவிடும்.

அடுத்தது லெமன். தமிழில் லெமன், லைம் இரண்டையும் எலுமிச்சை என்றே சொல்லிவிடுகிறோம், அதனால் குழப்பம். இங்கே வேண்டியது உருண்டையான, மெல்லிய தோல் எலுமிச்சை இல்லை. தடித்த மஞ்சள் தோலும் இரண்டு முனையிலும் கூம்பும் உள்ள பெரிய லெமன். சாறே வேண்டாம், தோல் மட்டும் போதும்.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றுமில்லை. உயரமான கண்ணாடி ஜாடி அல்லது பெரிய டம்ளர், நீளக் கைப்பிடி ஸ்பூன், டீ வடிகட்டி, காய்த்தோல் சீவும் பீலர். அளப்பதற்கு மட்டும் ஜிக்கர் என்ற சின்ன அளவுக் கிண்ணம் கட்டாயம் வேண்டும். கைக்கணக்கில் ஊற்றினால் போன தடவை ஏன் நன்றாக இருந்தது என்று கடைசி வரை தெரியாது. ஜிக்கர் இல்லையென்றால் 5 மி.லி. டீஸ்பூன், மருந்துக் குப்பி மூடி எதுவானாலும் சரி.

கிளாஸ் சின்னதாக இருக்கட்டும். 120 முதல் 150 மி.லி. பிடிப்பது போதும். அகலமான முக்கோணக் கிளாஸ் படத்துக்குத்தான் அழகு. கைபட்டால் தளும்பும், பெரியதாக வாங்கிவிட்டால் கடைசிப் பாதி வெதுவெதுப்பாகிவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. 60 மி.லி. ஜின்னும் 10 மி.லி. வெர்மூத்தும் சேர்ந்தாலே சுமார் 22 கிராம் தூய ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனம் 10 கிராமை ஒரு அளவாகக் கணக்கிடுகிறது, அந்தக் கணக்கில் ஒரு மார்டினி இரண்டுக்கும் மேல். வண்டி ஓட்டும் நாளில் இதைத் தொட வேண்டாம்.

அடிப்படை மார்டினி

1. கிளாஸை ஃபிரீசரில் வையுங்கள். குறைந்தது 20 நிமிடம். அவசரம் என்றால் ஐஸும் தண்ணீரும் நிரப்பி ஒதுக்கி வையுங்கள்.

2. லெமன் தோலை இப்போதே சீவிவிடுங்கள், அல்லது ஆலிவைக் குச்சியில் குத்திவிடுங்கள். கலக்கி முடித்தபின் பழத்தைத் தேடிக்கொண்டிருந்தால் குளிர் போய்விடும்.

3. ஜாடியில் 60 மி.லி. ஜின், 15 மி.லி. டிரை வெர்மூத். ஆரஞ்சு பிட்டர்ஸ் (ஆரஞ்சுத் தோல் ஊறிய கசப்புச் சாறு) இருந்தால் ஒரு வீச்சு, அதாவது சில துளி. பழைய காலத்துச் செய்முறைகளில் அது சாதாரணம், பிறகுதான் காணாமல் போனது.

4. முக்கால் ஜாடி வரை ஐஸ். திரவத்துக்கு மேலே ஐஸ் தலை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

5. ஸ்பூனின் முதுகு கண்ணாடியை ஒட்டியபடி சுழல, சத்தமில்லாமல் 30 நொடி கலக்குங்கள்.

6. குளிர்ந்த கிளாஸில் வடித்து, தோலைப் பிழியுங்கள்.

ஐந்தாம் படியில்தான் பாடமே. முதல் சில முறை, பத்து நொடிக்கு ஒருதரம் நிறுத்தி அரை ஸ்பூன் ருசி பாருங்கள். பத்தாவது நொடியில் ஜின் தனியாக, வெர்மூத் தனியாக, மூக்கில் காரம். இருபதில் காரம் தணிந்திருக்கும், ஓரம் இன்னும் கூராக இருக்கும். முப்பதை ஒட்டி ஒரு இடத்தில் எல்லாம் வழவழவென்று ஒன்றாகிவிடும், நாக்கில் எங்கும் மோதாது. உங்கள் மார்டினி அங்கேதான். நிறுத்தாமல் ஒன்றரை நிமிடம் வரை போனால், குளிர்ச்சி பெரிதாகக் கூடியிருக்காது, ருசி மட்டும் கழுவி விட்டாற்போல் இருக்கும். கட்டியின் அளவு, அறையின் வெப்பம், ஜாடியின் கனம் எல்லாம் இந்த நேரத்தை மாற்றும். கடிகாரத்தைவிட ஸ்பூன் நம்பகமானது.

குலுக்கலாமா, கலக்கலாமா? குலுக்கினால் வேகமாகக் குளிரும், தண்ணீரும் கூடுதலாக ஏறும். காற்றுக் குமிழும் ஐஸ் துணுக்கும் சேர்ந்து கலங்கலாக இருக்கும். கலக்கினால் தெளிவும் வழவழப்பும் கிடைக்கும். வெறும் மதுவகைகள் மட்டும் சேர்ந்தால் கலக்கு, காபியோ பழச்சாறோ இருந்தால் குலுக்கு என்பது பார்டெண்டர்கள் கணக்கு. நானும் அந்தப் பக்கம்தான்.

தோல் பிழிவது ஒரு தனிக் கலை

பீலரால் கட்டை விரல் நீளத்துக்கு ஒரு பட்டை சீவுங்கள். உள்பக்கம் வெள்ளைச் சதை ஒட்டிக்கொண்டிருந்தால் கத்தியால் வழித்துவிடுங்கள், அது கசக்கும். மஞ்சள் பக்கம் கிளாஸைப் பார்க்க, ஒரு சாண் உயரத்தில் பிடித்து, இரண்டு ஓரத்தையும் சட்டென்று மடக்குங்கள். விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே செய்தால், மெல்லிய பனி மாதிரி எண்ணெய் தெறிப்பது தெரியும். அடுத்த நொடி மார்டினியின் மேற்பரப்பில் வானவில் மினுக்கோடு ஒரு மெல்லிய படலம் நிற்கும். முதல் வாய்க்கு முன்பே மூக்குக்கு வந்து சேர்வது அந்தப் படலம்தான். தோலைக் கிளாஸின் விளிம்பில் தேய்த்து, உள்ளே போடலாம், தூக்கியும் எறியலாம். நான் எறிந்துவிடுவேன். ஊற ஊறக் கசப்பு இறங்கும்.

ஆலிவ் என்றால் உப்பு நீரில் ஊறியது மட்டும். ஒருமுறை எண்ணெயில் ஊறிய ஆலிவைக் கழுவாமல் போட்டுவிட்டேன், ரசத்தின் மேல் தாளிப்பு மிதப்பதுபோல் மார்டினி மேல் வட்டவட்டமாக எண்ணெய். ஆலிவை முன்கூட்டியே குளிரவைத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தில் இருக்கும் மூன்று ஆலிவ், குளிர்ந்த சின்னக் கிளாஸைச் சூடாக்கப் போதும்.

விகிதத்தை நாக்கால் கற்பது

மூன்று பேர் சேரும் மாலையில் இதைச் செய்து பாருங்கள். ஒரே ஜின், ஒரே வெர்மூத், மூன்று கலவை. முதலாவது சரிபாதி: 30 ஜின், 30 வெர்மூத். இரண்டாவது மூன்றுக்கு ஒன்று: 45, 15. மூன்றாவது ஆறுக்கு ஒன்று: 60, 10. ஒவ்வொன்றையும் கலக்கி மூன்று சின்னக் கிளாஸாகப் பிரித்துக் குடிக்க வேண்டும். முழுச் சுற்று முடிந்தால்கூட ஆளுக்கு ஒரு மார்டினியைவிடக் குறைவான ஆல்கஹால்தான் சேர்ந்திருக்கும்.

சரிபாதியிலிருந்து தொடங்குங்கள், லேசானதிலிருந்து வலுவானதுக்கு. தலைகீழாகப் போனால் ஆறுக்கு ஒன்று நாக்கை மரத்துப் போகச் செய்துவிடும், மற்ற இரண்டும் சப்பென்று தோன்றும். ஃபிஃப்டி-ஃபிஃப்டி என்று சொல்லப்படும் முதல் கலவையில் வெர்மூத்தின் மூலிகைதான் தலைவர், ஜின் முதுகெலும்பு மட்டும். சாப்பாட்டுக்கு முன்னால் இதைவிட நல்ல பானம் எனக்குத் தெரியாது. மூன்றுக்கு ஒன்றில் இருவரும் சமமாகப் பேசுவார்கள். ஆறில் ஜின்னின் ஆட்சி, வெர்மூத் அதன் முரட்டுத்தனத்தை மட்டும் மட்டுப்படுத்தும். மூன்றில் எது பிடித்தது என்று ஒவ்வொருவரும் சொல்வதற்கு முன் எழுதிவையுங்கள். முதலில் வாய் திறப்பவர் மற்றவர்களின் ருசியைக் கெடுத்துவிடுவார்.

ருசிக்கும் விதம் எளிது. முதலில் மூச்சை ஆழமாக இழுக்காமல் கிளாஸின் மேலாக மெல்ல முகரவும். உள்ளே மூக்கை விட்டால் ஆல்கஹால் மட்டும்தான் வரும். சின்ன வாய், நாக்கில் இரண்டு நொடி, விழுங்கியபின் மூக்கு வழியே மூச்சை விடவும். பைன், கொத்தமல்லி விதை, சிட்ரஸ் தோல், வேர்க்கசப்பு எல்லாம் அந்த வெளிமூச்சில்தான் தெரியும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் ஒரு வாய். குளிர் குறையக் குறைய வாசனை விரியும், காரமும் தலை தூக்கும். ஒவ்வொன்றுக்கும் இடையில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும்.

மாறுதல்கள்

கிப்சன்: அடிப்படை மார்டினிதான், ஆலிவுக்குப் பதில் ஊறுகாய்ப் பதத்தில் இருக்கும் முத்து வெங்காயம். அலங்காரத்தை மாற்றினால் பானமே மாறுமா என்பவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்கலாம். வினிகர் அதிகம் என்றால் வெங்காயத்தை ஒருமுறை அலசிவிடுங்கள்.

டர்ட்டி மார்டினி: 60 மி.லி. ஜின் அல்லது வோட்கா, 10 மி.லி. வெர்மூத், 10 மி.லி. ஆலிவ் ஊறிய உப்பு நீர். உப்பு கசப்பை அடக்குவதால் இது பலருக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். அந்த நீரை முதலில் தனியாகச் சுவையுங்கள், சில பாட்டில்களில் வெறும் வினிகர்தான் இருக்கும். 5 மி.லி.யில் தொடங்கி ஏற்றிக்கொள்ளலாம், இறக்க முடியாது.

வோட்கா மார்டினி: வாசனை பேசாத மது என்பதால் வெர்மூத்தும் வழவழப்பும் குளிரும்தான் எல்லாம். அதனாலேயே இதில் கெட்ட வெர்மூத் ஒளிந்துகொள்ள இடமில்லை.

வெஸ்பர்: 1953இல் இயான் பிளெமிங்கின் முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவலில் பிறந்தது. வீட்டு அளவில் 45 மி.லி. ஜின், 15 மி.லி. வோட்கா, 7.5 மி.லி. லில்லே பிளாங்க் (ஒயினில் செய்த பிரெஞ்சு பானம்), பெரிய லெமன் தோல். நாவலில் சொல்லப்படும் கினா லில்லே இப்போது கிடையாது. அதில் குயினைன் கசப்பு இருந்தது, இன்றைய லில்லேயில் அது குறைவு. கசப்பு வேண்டுமானால் கோக்கி அமெரிக்கானோ என்ற இத்தாலிய பானம் நெருங்கி வரும். பாண்ட் குலுக்கச் சொல்வார். நான் கலக்கித்தான் குடிக்கிறேன்.

மார்ட்டினெஸ்: மார்டினியின் மூத்த உறவு. 1880களில் அச்சான பார்டெண்டர் கையேடுகளிலேயே இருக்கிறது. லேசான இனிப்புள்ள ஓல்ட் டாம் ஜின் 45, சிவப்பு இனிப்பு வெர்மூத் 45, மராஸ்கினோ லிக்கர் (செர்ரியில் செய்த இனிப்பு மது) ஒரு டீஸ்பூன், பிட்டர்ஸ் இரண்டு வீச்சு. நிறமும் கனமும் வேறு உலகம். இதைக் குடித்துவிட்டு டிரை மார்டினிக்கு வந்தால், காலப்போக்கில் இனிப்பு எப்படிக் கழன்றுகொண்டே வந்தது என்பது நாக்குக்கே விளங்கும். இனிப்பு வெர்மூத்தும் டிரை வெர்மூத்தும் பாதிப்பாதி போட்டால் அது பெர்ஃபெக்ட் மார்டினி. பெயர்தான் பெர்ஃபெக்ட், நான் இரண்டு முறைக்கு மேல் செய்ததில்லை.

எஸ்பிரெசோ மார்டினி: பெயரைத் தவிர மார்டினியோடு சம்பந்தமில்லை. 1980களில் லண்டனில் டிக் பிராட்செல் என்ற பார்டெண்டர் உருவாக்கியது. 50 மி.லி. வோட்கா, 30 மி.லி. காபி லிக்கர், 10 மி.லி. சர்க்கரைப் பாகு, அப்போதே இறக்கிய ஒரு எஸ்பிரெசோ. ஷேக்கர் நிறைய ஐஸ் போட்டு, கை உறையும் வரை குலுக்கி, தாமதிக்காமல் வடியுங்கள். நுரைதான் இதன் உயிர், அது புது காபியில்தான் வரும். ஆறிப்போன காபியில் குலுக்கினால் இரண்டு நிமிடத்தில் நுரை அடங்கிவிடும். ருசி பார்க்கும் மாலையில் இதைக் கடைசியில் வையுங்கள், இதற்குப் பிறகு எதுவும் ருசிக்காது.

ஐஸே இல்லாமல், ஃபிரீசரிலிருந்து

லண்டனில் டியூக்ஸ் ஹோட்டல் பாரில் கலக்கும் வேலையே கிடையாது. ஃபிரீசரில் இருக்கும் ஜின்னை உறைந்த கிளாஸில் நேராக ஊற்றிவிடுவார்கள். தண்ணீர் சேராததால் பானம் மிக வலுவானது, ஒருவருக்கு இரண்டுக்கு மேல் தருவதில்லை என்பது அந்த பாரின் பிரபலமான வழக்கம். வீட்டில் எனக்கு அவ்வளவு வலு வேண்டியதில்லை. அதனால் தண்ணீரை நானே அளந்து சேர்த்துவிடுகிறேன்.

750 மி.லி. காலி பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவையுங்கள். 43 சதவீத ஜின் 500 மி.லி., டிரை வெர்மூத் 100 மி.லி., வடிகட்டிய தண்ணீர் 70 மி.லி. ஊற்றி, மூடி, ஒருமுறை கவிழ்த்துக் கலந்து ஃபிரீசரில் வையுங்கள். ஐஸில் கலக்கினால் இதைவிட அதிகத் தண்ணீர் சேரும், உண்மைதான். ஆனால் வீட்டு ஃபிரீசரின் மைனஸ் 18 டிகிரியில் அதற்கு மேல் தண்ணீர் விட்டால் கூழ் மாதிரி உறையத் தொடங்கிவிடும். குறைந்த தண்ணீரின் காரத்தை அந்தக் கடுங்குளிர் மறைத்துக்கொள்ளும். 37.5 சதவீத ஜின் என்றால் தண்ணீரே வேண்டாம். அப்படியும் பாட்டிலில் ஐஸ் பூத்திருந்தால், சில நிமிடம் வெளியே வைத்து ஒருமுறை கவிழ்த்தால் சரியாகிவிடும். பாட்டிலைக் கழுத்து வரை நிரப்ப வேண்டாம், விரிவதற்கு இடம் இருக்கட்டும்.

மறுநாள் மாலை எடுத்து ஊற்றும்போது, தண்ணீர்போல் இல்லாமல் பாகுபோல் மெதுவாக இறங்கும். ஊற்றும் அளவு 80 மி.லி.க்கு மேல் போக வேண்டாம். பிறகு லெமனை எடுத்துத் தோல் சீவிப் பிழியுங்கள். முன்கூட்டியே பாட்டிலில் அடைத்து வைக்க முடியாதது அது ஒன்றுதான்.